கவுன்சிலர்கள் 30 பேர் ஜெயிலில்... கவுன்சில் கூட்டமும் ஜெயிலில்! லண்டன் வரைபடத்திலிருந்து மறைந்த ‘பாப்லர்’ பரோவின் கதை

ஒரு கவுன்சில் கூட்டம் நடக்கிறது. மேயர் இருக்கிறார், கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன. எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால், இடம் மட்டும் டவுன் ஹால் இல்லை. லண்டனின் பிரிக்ஸ்டன் சிறைச்சாலை!

பெண் கவுன்சிலர்கள் நகரத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் ஹாலோவே சிறையிலிருந்து வண்டியில் அழைத்து வரப்படுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவரவர் சிறைக்கு அவரவர் திரும்ப வேண்டும். இது நடந்தது 1921-ல். இவர்கள் யாரும் ஊழல் வழக்கில் உள்ளே போனவர்கள் இல்லை. ஏழை மக்களிடம் இன்னும் அதிகமாக வரி வசூலிக்க மாட்டோம் என்று சொன்னதுதான் இவர்கள் செய்த ‘குற்றம்’.

அந்த கவுன்சிலின் பெயர் பாப்லர். முழுப் பெயர், மெட்ரோபாலிட்டன் பரோ ஆஃப் பாப்லர். 1900-ல் பிறந்து 1965-ல் மறைந்த ஒரு உள்ளாட்சி. வெறும் 65 வருட ஆயுள். ஆனால், அதன் பெயரில் ஆங்கில அகராதியில் ஒரு சொல்லே உருவானது. அது என்ன கதை? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது பாப்லர்?

லண்டன் என்றதும் டிவியில் காட்டும் கண்ணாடி அடுக்குமாடிகள் நினைவிருக்கிறதா? பெரிய பெரிய வங்கிகளின் பெயர்ப் பலகைகளோடு தேம்ஸ் நதிக்கரையில் நிற்குமே, கேனரி வார்ஃப், அந்த இடம்தான். அன்றைய பாப்லர் பரோவின் தெற்கு முனை அது. தேம்ஸ் நதி ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பும் இடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலப்பகுதி. ‘ஐல் ஆஃப் டாக்ஸ்’ என்று பெயர். தமிழில் சொன்னால் நாய்த் தீவு. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

பாப்லர், போ, புரோம்லி என்ற மூன்று பழைய திருச்சபை வட்டாரங்களைச் சேர்த்து உருவாக்கியதுதான் இந்த பரோ. மொத்தப் பரப்பு 9 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால், 1901 கணக்கெடுப்பில் அங்கே இருந்த மக்கள் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். எவ்வளவு நெருக்கடியான ஊர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அது ஏன் அப்படி நெருங்கிக் கிடந்தது? ஒரே காரணம், துறைமுகம். 1802-ல் மேற்கிந்தியத் துறைமுகம் திறக்கப்பட்டது. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை வந்து இறங்கிய இடம் அது. 1806-ல் கிழக்கிந்தியத் துறைமுகம். பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். சென்னை, கொல்கத்தா பக்கமிருந்து கிழக்கிந்திய கம்பெனியின் கப்பல்கள் சரக்கோடு வந்து நின்றது இங்கேதான். 1868-ல் மில்வால் துறைமுகமும் சேர்ந்துகொண்டது.

துறைமுகத்தில் வேலை என்றால் மாதச் சம்பள வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் காலையில் கேட் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டி யாரைக் கூப்பிடுகிறாரோ, அவருக்கு அன்றைக்குச் சோறு. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கப்பல் வராத வாரம், அடுப்பு எரியாத வாரம். 1889-ல் இதே மேற்கிந்தியத் துறைமுகத்தில்தான் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. மணிக்கு 6 பென்ஸ் கூலி என்ற கோரிக்கையைத் தொழிலாளர்கள் ஜெயித்தும் காட்டினார்கள்.

பெசன்ட் நகருக்கும் பாப்லருக்கும் என்ன தொடர்பு?

சென்னைவாசிகளுக்கு ஒரு தகவல். பரோ உருவாவதற்கு 12 வருடங்களுக்கு முன், 1888-ல், இந்தப் பகுதியின் போ வட்டாரத்தில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். நாள் முழுக்க உழைப்பு, கூலியோ சொற்பம், அதிலும் அபராதம் என்று பிடித்தம். வெள்ளை பாஸ்பரஸ் நெடியில் தாடை எலும்பே அழுகிப்போகும் நோய் வேறு.

இந்தக் கொடுமையை முதலில் பத்திரிகையில் எழுதி ஊருக்குச் சொன்ன பெண்ணின் பெயர் அன்னி பெசன்ட். ஆமாம், பின்னாளில் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்ம ஞான சபையின் தலைவராகி, 1917-ல் காங்கிரஸ் தலைவராகவும் ஆனாரே, அதே அன்னி பெசன்ட்தான். பெசன்ட் நகர் என்ற பெயர் இவரால் வந்தது. அந்த வேலைநிறுத்தமும் வெற்றி பெற்றது.

ஆக, பரோ பிறப்பதற்கு முன்பே இந்த மண்ணுக்குப் போராட்டம் புதிதில்லை.

‘பரோ’ என்றால் என்ன?

19-ம் நூற்றாண்டு லண்டனில் குப்பை அள்ள ஒரு வாரியம், சாக்கடைக்கு ஒரு வாரியம், ஏழைகளுக்கு உதவ இன்னொரு வாரியம் என்று ஏகப்பட்ட குழப்பம். 1889-ல் லண்டன் கவுண்டி கவுன்சில் வந்தது. நகரம் முழுவதற்குமான மேல்மட்ட அமைப்பு அது. அதற்குக் கீழே, 1899-ல் கொண்டுவந்த சட்டப்படி, 1900 நவம்பரில் 28 மெட்ரோபாலிட்டன் பரோக்கள் உருவாயின. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி கவுன்சில், தனி வரி. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மாநகராட்சி மண்டலத்தைவிட அதிகாரம் கூடுதல், மாநகராட்சியைவிடக் குறைவு.

அடுத்த வருடமே, 1901-ல், வில் க்ரூக்ஸ் பாப்லர் மேயரானார். இவர் சின்ன வயதில் குடும்ப வறுமை காரணமாகப் பாப்லர் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற ஏழைகள் விடுதியில் அடைக்கப்பட்டவர். கதியற்றவர்களைச் சேர்த்து, வேலை வாங்கி, கஞ்சி ஊற்றும் இடம் அது. கிட்டத்தட்ட ஜெயில்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருந்த பையன், அதே ஊருக்கு மேயர்! ஏழை நிவாரணத்தைக் கவனிக்கும் வாரியத்தின் தலைவராகவும் இருந்து, அந்த விடுதியில் சாப்பாடு முதல் துணிமணி வரை பலதையும் மாற்றியவர் அவர்.

முதல் உலகப் போர் பாப்லரை வேறு விதத்தில் தாக்கியது. 1917 ஜூன் 13. பட்டப்பகலில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. ஒரு குண்டு பாப்லரின் அப்பர் நார்த் ஸ்ட்ரீட் பள்ளிக் கூரையைத் துளைத்துக்கொண்டு கீழ்த்தளம் வரை இறங்கி வெடித்தது. 18 குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வயது 5. பாப்லர் பூங்காவில் அவர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது. உச்சியில் சிறகு விரித்த ஒரு தேவதை.

1919: ஆட்சி மாறியது

போர் முடிந்தது. 1919 நவம்பரில் நடந்த தேர்தலில் பாப்லரின் 42 இடங்களில் 39-ஐத் தொழிலாளர் கட்சி அள்ளியது. மேயரானவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்பதற்காக 1912-ல் தன் எம்.பி. பதவியையே ராஜினாமா செய்து, அதையே கோரிக்கையாக வைத்து மறுபடி தேர்தலில் நின்றவர். தோற்றும் போனார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில், 1932 முதல் 1935 வரை, தொழிலாளர் கட்சிக்கே தலைவராக இருந்தார்.

புது கவுன்சிலில் இருந்தவர்கள் யார்? துறைமுகத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், ஆசிரியர் என்று அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்தவர்கள். வந்த கையோடு வீடு, நூலகம், தாய்-சேய் நலம் என்று செலவு செய்ய ஆரம்பித்தார்கள். கவுன்சில் ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 4 பவுண்டு என்று அறிவித்தார்கள். இதில் பெரிய விஷயம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. நூறு வருடத்துக்கு முன்னால்!

சரி, பிரச்னை எங்கே ஆரம்பித்தது?

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் புரிய வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். ஜெயில் கதையே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அப்போது உள்ளாட்சிகளின் முக்கிய வருமானம் ‘ரேட்ஸ்’. நம்ம ஊர் சொத்து வரி மாதிரி. ஒரு கட்டடத்தின் வாடகை மதிப்பு எவ்வளவோ, அதில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று வசூலிப்பார்கள். பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் மாளிகைகள், பெரிய கடைகள், ஹோட்டல்கள். வாடகை மதிப்பு எங்கேயோ இருக்கும். பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டாலே கல்லா நிறைந்துவிடும். பாப்லரில் இருந்ததோ இடிந்து விழும் நிலையில் ஒட்டுக் குடித்தனங்கள். அதே ஒரு பென்னி போட்டால் கிடைப்பது சில்லறை.

இப்போது செலவுப் பக்கம் வருவோம். வேலையில்லாதவர்களுக்கு உதவிப் பணம் கொடுப்பது அன்றைக்கு அந்தந்த வட்டாரத்தின் பொறுப்பு. பெரும்பகுதிச் செலவை அந்த ஊர் மக்களின் வரியிலிருந்தே எடுக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் வேலையில்லாதவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம். பாப்லரில்? 1920 கடைசியில் வந்த பொருளாதார மந்தத்தில் துறைமுகம் காற்று வாங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உதவிக்கு வரிசையில் நின்றன.

அதாவது, ஏழை ஊர் தன் ஏழைகளுக்கான செலவை ஏழைகளிடமே வசூலிக்க வேண்டும். ஏழ்மை கூடக் கூட வரியும் கூடும். பணக்கார ஊருக்கு அந்தக் கவலையே இல்லை.

இது போதாதென்று, ஒவ்வொரு பரோவும் மேல்மட்ட அமைப்புகள் நான்குக்குச் சேர்த்து வரி வசூலித்துக் கொடுக்க வேண்டும். லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய அசைலம்ஸ் வாரியம் ஆகியவைதான் அந்த நான்கு.

பாப்லர் கவுன்சிலுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று, ஏழைகளுக்கான உதவியை வெட்ட வேண்டும். இல்லையென்றால், தாங்க முடியாத அளவுக்கு வரியை ஏற்ற வேண்டும். 1921 மார்ச்சில் அவர்கள் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ‘எங்க ஊர் செலவுக்கு மட்டும்தான் வரி வசூலிப்போம். மேலே இருக்கிற நாலு பேருக்கும் பைசா கிடையாது’ என்று முடிவெடுத்தார்கள். மொத்த லண்டனும் ஏழ்மையின் பாரத்தைச் சேர்ந்து சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

கோர்ட்டுக்கு ஊர்வலம்

கவுண்டி கவுன்சிலும் அசைலம்ஸ் வாரியமும் நீதிமன்றத்துக்குப் போயின. 1921 ஜூலை 29 அன்று ஆஜராக வேண்டும். கவுன்சிலர்கள் ரகசியமாகக் காரில் போய் இறங்கவில்லை. பாப்லரிலிருந்து உயர் நீதிமன்றம் வரை நடந்தே போனார்கள். முன்னால் பேண்டு வாத்தியம், மேயரின் செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஊழியர், பின்னால் பெரும் கூட்டம். பாப்லர் கவுன்சில் கோர்ட்டுக்குப் போகிறது, அங்கிருந்து ஜெயிலுக்கும் போகலாம் என்ற அர்த்தத்தில் ஒரு பெரிய பேனர். ஒளிவுமறைவே இல்லை.

வரியை வசூலியுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் மறுத்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு. தண்டனைக்குக் காலக்கெடுவே கிடையாது, பணியும் வரை உள்ளே இருக்க வேண்டியதுதான். செப்டம்பர் 1-ம் தேதி கைது ஆரம்பித்தது. மேயர் சாம் மார்ச், லான்ஸ்பரி உட்பட 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, 5 பெண்கள் ஹாலோவே சிறைக்கு. மொத்தம் 30 பேர்.

லான்ஸ்பரியின் வீட்டிலிருந்து மட்டும் மூன்று பேர். அவர், அவர் மகன் எட்கர், மருமகள் மின்னி. ஜான் ஸ்கர் - ஜூலியா ஸ்கர் தம்பதியில் கணவர் ஒரு சிறையில், மனைவி இன்னொரு சிறையில். நெல்லி கிரெசால் என்ற கவுன்சிலர் அப்போது கர்ப்பிணி. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்ணை வரி விவகாரத்துக்காக ஜெயிலில் வைத்திருப்பது அரசுக்குப் பெரிய தலைவலியானது. கடைசியில் அவரை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டார்கள். இதே நெல்லி கிரெசால் 1943-ல் பாப்லரின் மேயரானார்.

சிறைக்குள்ளேயும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. சாப்பாடு சரியில்லை என்று போராட்டம். ‘நாங்கள் மக்கள் பிரதிநிதிகள், கவுன்சில் வேலை நின்றுபோகக் கூடாது, கூட்டம் நடத்த வேண்டும்’ என்று கோரிக்கை. சிறை நிர்வாகம் இறங்கி வந்தது. அப்படித்தான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கூட்டம் நடந்தது. ஒன்றல்ல, பல கூட்டங்கள். மாலை வேளைகளில் சிறைச் சுவருக்கு வெளியே மக்கள் திரள, லான்ஸ்பரி ஜன்னல் கம்பி வழியாகவே பிரசங்கம் செய்தார்.

வெளியே நிலைமை இன்னும் சூடு. பக்கத்து பரோக்களான பெத்னல் கிரீன், ஸ்டெப்னி இரண்டும் ‘நாங்களும் பாப்லர் வழிதான்’ என்று தீர்மானம் போட்டன. ஸ்டெப்னியில் இதை ஆதரித்தவர்களில் ஒருவர், முன்னாள் மேயர் கிளமென்ட் அட்லி. பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1947-ல் இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த பிரிட்டன் பிரதமர் அவர்தான்.

எல்லோரும் ஆதரித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளர் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. லண்டன் தொழிலாளர் கட்சியின் முக்கியப் புள்ளியும் ஹாக்னி மேயருமான ஹெர்பர்ட் மாரிசனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சட்டத்தை மீறினால் ஆளும் தகுதி இல்லாத கட்சி என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால், அந்தச் சமயத்தில் பலன் கொடுத்தது பாப்லரின் வழிதான்.

அரசு இறங்கி வந்தது

அரசுக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் இரண்டு பரோ கவுன்சிலர்களையும் ஜெயிலில் போட்டால் கிழக்கு லண்டனே கொதித்துவிடும். 1921 அக்டோபர் 12-ம் தேதி கவுன்சிலர்கள் விடுதலையானார்கள். வரியைக் கட்டுகிறோம் என்று வாக்குறுதி எதுவும் கொடுக்காமலேயே! ஆறு வாரச் சிறைவாசம் அதோடு முடிந்தது.

அதே வருடம் நாடாளுமன்றத்தில் அவசரமாக ஒரு சட்டம் வந்தது. வேலையில்லாதவர்களுக்கான உதவிச் செலவைப் பொது நிதி மூலம் லண்டனின் எல்லா பரோக்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். வெஸ்ட்மின்ஸ்டர் பணம் பாப்லர் ஏழைகளுக்கு வரத் தொடங்கியது. கேட்டது அப்படியே கிடைத்தது என்றே சொல்லலாம்.

ஆனால், அந்தச் சந்தோஷத்தை ஒருவர் அதிக நாள் பார்க்கவில்லை. லான்ஸ்பரியின் மருமகள் மின்னி. யூதக் குடியேறிகளின் மகள், பள்ளி ஆசிரியை, பெண்கள் ஓட்டுரிமைப் போராளி. சிறையிலிருந்து வந்த சில வாரங்களில் காய்ச்சலில் விழுந்து, அது நிமோனியாவாகி, 1922 ஜனவரி 1-ம் தேதி இறந்துபோனார். வயது 32. சிறைவாசம் அவர் உடம்பை உருக்கிவிட்டது என்றுதான் பாப்லர் மக்கள் நம்பினார்கள். அவர் கணவர் எட்கர் 1924-ல் பாப்லர் மேயரானார், மறுமணமும் செய்துகொண்டார். அந்த மண வாழ்க்கையில் 1925-ல் பிறந்த மகள்தான் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி. ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ கார்ட்டூன் படத்தில் பேசும் டீ பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்றால் 90ஸ் கிட்ஸுக்குச் சட்டென்று தெரியும்.

4 பவுண்டு கூலி: இந்த முறை தோல்வி

வரி விவகாரத்தில் ஜெயித்த பாப்லர், கூலி விவகாரத்தில் மாட்டியது. போருக்குப் பிறகு விலைவாசி இறங்கியது, மற்ற இடங்களில் கூலியைக் குறைத்தார்கள். பாப்லர் மட்டும் 4 பவுண்டைக் குறைக்க மறுத்தது. பெண்களுக்கும் அதே 4 பவுண்டு. கணக்குத் தணிக்கை அதிகாரி இதை ‘அளவுக்கு மீறிய செலவு’ என்று முடிவு செய்து, 5,000 பவுண்டைக் கவுன்சிலர்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வழக்கு மேலே மேலே போய், 1925-ல் பிரபுக்கள் சபை வரை வந்தது. அன்றைக்கு அதுதான் உச்ச நீதிமன்றம். கவுன்சில் ‘தனக்குச் சரியென்று படும்’ கூலியைக் கொடுக்கலாம் என்று பழைய சட்டத்திலேயே இருந்தது. ஆனால், அப்படிப்பட்ட அதிகாரத்தையும் நியாயமான அளவுக்குள்தான் பயன்படுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி, விசித்திரமான சோஷலிச தர்ம சிந்தனையும், கூலியில் ஆண்-பெண் சமத்துவம் தேடும் பெண்ணிய ஆசையும் கவுன்சிலர்களை வழிதவற வைத்துவிட்டதாகவே எழுதினார். சம வேலைக்குச் சமக் கூலி கேட்டது அன்றைக்கு விசித்திரமாம்! ‘ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட்’ என்ற இந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் நிர்வாகச் சட்டப் பாடத்தில் இன்றும் படிக்கிறார்கள்.

இதற்கிடையில் பத்திரிகைகள் ‘பாப்லரிசம்’ என்று ஒரு சொல்லைப் பிரபலமாக்கிவிட்டன. உள்ளாட்சிப் பணத்தை ஏழைகளுக்குத் தாராளமாகச் செலவழிப்பது என்று அதற்குப் பொருள். எதிரிகளுக்கு அது வசைச்சொல், ஆதரவாளர்களுக்குப் பட்டம். இரண்டு பொருளோடும் அது அகராதியில் ஏறிவிட்டது.

காந்தி தங்கிய பரோ

1931 செப்டம்பர். வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்த காந்தி, பெரிய ஹோட்டல்களில் தங்க மறுத்துவிட்டார். அவர் தேர்ந்தெடுத்தது, பாப்லர் பரோவுக்குள் போ பகுதியில் இருந்த கிங்ஸ்லி ஹால் என்ற சமுதாயக் கூடம். அதை நடத்திய மியூரியல் லெஸ்டர் 1920-களில் பாப்லர் கவுன்சிலில் பணியாற்றியவர். டிசம்பர் வரை, ஏறக்குறைய மூன்று மாதம், மொட்டை மாடியில் ஒரு சின்ன அறையில் காந்தி தங்கினார். விடிவதற்கு முன்பே எழுந்து சந்துகளில் நடை. பிரிட்டிஷ் ஏழைகளின் நடுவே இருந்துகொண்டே பிரிட்டிஷ் அரசோடு பேச்சுவார்த்தை நடத்தினார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

குண்டுகள் விழுந்த ஊர், பெயர் மாறிய ஊர்

1938-ல் போ சாலையில் பாப்லருக்கு நவீன பாணியில் ஒரு புது டவுன் ஹால் எழுந்தது. சுவரில் ராஜா, ராணி சிலைகள் கிடையாது. கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் உருவங்கள்தான். இரண்டு வருடத்துக்குள் போர் வந்துவிட்டது. 1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய ஜெர்மனியின் தொடர் குண்டுவீச்சில், முதல் குறியே துறைமுகங்கள். பாப்லர் பற்றி எரிந்தது. வீடிழந்தவர்கள் வெளியூர் போனார்கள், பலர் திரும்பவே இல்லை. 1961 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 70 ஆயிரத்துக்கும் கீழே. அறுபது வருடத்தில் பாதிக்கும் மேல் காலி.

இடிபாடுகளின் மேல் ஒரு புதுக் குடியிருப்பு எழுந்தது. பெயர், லான்ஸ்பரி எஸ்டேட். 1951-ல் நடந்த ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ விழாவில், எதிர்கால வீடுகள் எப்படி இருக்கும் என்று நாட்டுக்குக் காட்டும் கண்காட்சியாகவே அதை வைத்தார்கள். நடுவில் கிறிஸ்ப் ஸ்ட்ரீட் சந்தை, மணிக்கூண்டோடு. பிபிசியின் ‘கால் த மிட்வைஃப்’ தொடர் பார்த்திருந்தால், சைக்கிளில் போகும் மருத்துவச்சிகள் சுற்றிவரும் ஊர் இதே 1950-களின் பாப்லர்தான்.

முடிவு சத்தமில்லாமல் வந்தது. சின்னச் சின்ன பரோக்களால் பெருநகரத்தை நிர்வகிக்க முடியாது என்று, 1963-ல் லண்டன் அரசாங்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1965 ஏப்ரல் 1 முதல் 28 பழைய பரோக்களும், லண்டன் கவுண்டி கவுன்சிலும் இல்லை. பாப்லர், பெத்னல் கிரீன், ஸ்டெப்னி மூன்றும் சேர்ந்து ‘டவர் ஹாம்லெட்ஸ்’ ஆயின. 1921-ல் ஒன்றாக நின்ற அதே மூன்று பரோக்கள்! இது யாரும் திட்டமிட்டுச் செய்தது இல்லை, அக்கம்பக்கத்து ஊர்கள் என்பதால் சேர்த்தார்கள்.

பெரிய நிர்வாகம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? ஐல் ஆஃப் டாக்ஸ் மக்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் போதவில்லை, கடைகள் இல்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை என்று 1970 மார்ச்சில் அவர்கள் பிரிட்டனிலிருந்து ‘சுதந்திரம்’ அறிவித்துவிட்டார்கள்! உள்ளே வரும் பாலங்களை மறித்து, டெட் ஜான்ஸ் என்ற உள்ளூர்க்காரரை ‘ஜனாதிபதி’ ஆக்கினார்கள். மறியல் சில மணி நேரம்தான். ஆனால், உலகப் பத்திரிகைகளெல்லாம் வந்து நின்றன. பாப்லர் ரத்தம் அவ்வளவு சீக்கிரம் ஆறுமா என்ன?

1980-ல் மேற்கிந்திய, மில்வால் துறைமுகங்கள் மூடப்பட்டன. அடுத்த வருடம் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து நிலத்தைத் தன் கையில் எடுத்தது. 1991-ல் அங்கே எழுந்த 50 மாடிக் கோபுரம் அன்றைய பிரிட்டனின் மிக உயரமான கட்டடம். கூலிக்காகக் கேட் வாசலில் ஆட்கள் காத்து நின்ற இடத்தில் இப்போது வங்கி அதிகாரிகள் காபிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது பாப்லர் எங்கே? ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் இருக்கிறது. ‘பாப்லர் அண்ட் லைம்ஹவுஸ்’ என்ற நாடாளுமன்றத் தொகுதியின் பெயரில் இருக்கிறது. ஹேல் தெருவில், 1921 போராட்டத்தின் காட்சிகளோடு ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. போ சாலையில் ஒரு கட்டடத்தின் முகப்பில், மின்னி லான்ஸ்பரி நினைவாக வைத்த கடிகாரம் இருக்கிறது.